தாங்கல் கண்ணாடி

பனங்காவிளை
3 நவம்பர் 2024

அக்கா,

தாங்கல் கண்ணாடியை நீ திருடிவிட்டாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் நேற்று இருந்தது. நேற்றுத்தான் நம் தெரு ஸ்ரீஜித் உன் பேட்டியை ஊர் வாட்ஸப் குழுவில் போட்டான். ஆங்கிலப் பத்திரிகை, முழுப் பக்கம், கைத்தறிப் புடவையில் நீ. பின்னால் நம் கண்ணாடி. படத்துக்குக் கீழே இருப்பதை மகள் நந்தனா படித்துச் சொன்னாள். 'இயக்குநர் டாக்டர் ஞானா லிங்கத்தின் குடும்பம் அருங்காட்சியகத்துக்கு நிரந்தரமாக வழங்கிய வழிபாட்டுக் கண்ணாடி.' ஞானத்தை ஞானா ஆக்கியதும் தாணுலிங்கத்தை வெறும் லிங்கம் ஆக்கியதும் உன் விருப்பம். ஆனால் குடும்பம் என்றால் யார்? அம்மா இல்லை. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மிச்சம் நீயும் நானும். நான் வழங்கவில்லை.

பேட்டியில் நன்றாகத்தான் பேசியிருக்கிறாய். எங்கள் அய்யாவழிக் கோயிலான நிழல் தாங்கலில் சிலை கிடையாது, பள்ளியறையில் ஒரு கண்ணாடி, அதன் முன்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான் என்கிறாய். தலையில் துணி கட்டக்கூடாது என்று அடிக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்று அதில் தங்களையே பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்கிறாய். எல்லாம் சரி. இப்போது அவர்கள் எதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்று பேட்டி எடுத்தவன் கேட்கவில்லையா?

போன தை மாதம் நீ தாங்கலில் நின்று, எல்லோரும் கேட்க, என்ன சொன்னாய்? "ஆறு மாசம் மக்கா. நம்ம ஆளுகளுக்க கதைய டில்லிக்காரன் ஒருக்கா பாக்கட்டும். கண்காட்சி முடிஞ்சதும் நானே கொண்டு வருகேன்." தாணம்மாள் சித்திதான் கேட்டாள். "ஏட்டி ஞானம், கண்ணாடி டில்லிக்கு போச்சுண்ணா நாங்க எங்க போயி எங்கள பாக்க?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஒருத்தரும் உன்னை நம்பாமல் இல்லை. தாணுலிங்கத்தின் மகள், டில்லியில் பெரிய மியூசியத்துக்கே தலைவி. உனக்கு இல்லாமல் யாருக்குக் கொடுப்பார்கள்?

இப்போது அவர்கள் உன்னைப் பேசவில்லை. என்னைப் பேசுகிறார்கள். தாங்கல் சாவி என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு விளக்கேற்றி, நாமம் இட்டு, பணிவிடை செய்கிறவன் நான். எனக்குத் தெரியாமல், பணம் வாங்காமல், ஆறு மாசம் நிரந்தரமாகுமா என்கிறார்கள். இன்று காலை வடசேரி சந்தையில் வாழைக்குலை ஏலத்துக்கு நின்றேன். எவனோ பின்னாலிருந்து கத்தினான். "வே, செவ்வாழ கெடக்கட்டும். மொதல்ல அந்தக் கண்ணாடிய கூவும். டில்லியில என்ன ரேட்டுக்கு அடிச்சீரு?" சந்தையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஏலத்தை விட்டேன்.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ பேசியே என்னைக் கவிழ்த்துவிடுவாய். தாளில் எழுது. கண்ணாடி எந்தத் தேதியில் வரும் என்று எழுது.

ராஜகுமார்


டில்லி
12 நவம்பர் 2024

அன்புள்ள ராஜு,

அய்யா உண்டு.

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாய். அங்கே வருகிற தபாலை என் செயலர் பிரிப்பாள். தமிழ் தெரியாததால் பெர்லின் என்கிற பையனிடம் கொடுத்து என்ன என்று கேட்டிருக்கிறாள். மார்த்தாண்டத்துப் பையன், நான்தான் வேலைக்கு எடுத்தேன். 'குடும்ப விஷயம்' என்று மட்டும் சொல்லி என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுது. வீடும் மியூசியம் வளாகத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுத் தபாலை யாரும் பிரிப்பதில்லை.

திருடினாய் என்ற சொல்லை நீ எழுதியிருக்கக் கூடாது.

படத்துக்குக் கீழே பத்திரிகைக்காரர்கள் எழுதுவது என் கையில் இல்லை. கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. ஈரம் ஏறாத அறை, கூட்டிக் குறைக்கிற வெளிச்சம். இடது மேல் மூலையில் ரசம் போய்க் கறுத்திருந்ததே, அது மேலும் பரவாமல் நிறுத்தியிருக்கிறோம். நம் தாங்கலில் விளக்குப் புகையில் இன்னும் இருபது வருஷம் இருந்தால் அது வெறும் பலகையாகியிருக்கும். திருப்பி அனுப்புவதற்குச் சில நடைமுறைகள் இருக்கின்றன. அறங்காவலர்கள் கூட வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இன்னொன்று. கண்ணாடி சாமி இல்லை என்று அப்பாவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அதன் முன்னால் நிற்கிற ஆள்தான் முக்கியம், கண்ணாடி எதுவானாலும் சரி என்பார். நான் வடசேரியில் வாங்கி மாட்டிய புதுக் கண்ணாடி பழையதைவிடப் பெரியது, தெளிவானது. ஊர்க்காரர்களுக்கு நீ இதை எடுத்துச் சொல்லலாம். பணிவிடை செய்கிறவன் நீ சொன்னால் கேட்பார்கள்.

நந்தனாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பனங்காவிளை
20 நவம்பர் 2024

அக்கா,

எந்தக் கண்ணாடியும் போதும் என்றால் அங்கே வேறு ஒன்றை மாட்டு. டில்லியில் கண்ணாடிக் கடை இல்லையா?

நீ வாங்கித் தந்த புதுக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். அடியில் சலூன் கண்ணாடி மாதிரி பூ வெட்டியிருக்கிறது. நிற்பவன் வயிற்றுக்கு நேரே ரோஜாப்பூ. கண்ணாடி எதுவானாலும் சரி என்று நீ சொன்னதை நான் அப்படியே சொன்னேன். தாணம்மாள் சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "செரி மக்கா. சாமி இல்ல. வெறும் கண்ணாடிதான். ஆனா எனக்க மாப்ள தலப்பா கட்டி நிண்ணு பாத்த கண்ணாடி அதுதான. அத எடுத்தவிய எதுக்கு எடுத்தாவ? வெறும் கண்ணாடிண்ணா?"  இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

பத்திரிகைக்காரன் தவறாக எழுதிவிட்டான் என்கிறாய். உன் மியூசியம் போட்டிருக்கிற வீடியோ, திறப்பு விழா என்று தேடியதும் கிடைத்தது. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் மேடையில் நிற்கிறார். உன் சேர்மன் என்று நந்தனா சொன்னாள். உன் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சொல்கிறார்: 'ஞானாவின் குடும்பம் தங்கள் கிராமத்தின் உயிரையே நமக்குத் தந்துவிட்டது. இனி இது நம்முடையது.' கைதட்டுகிறார்கள். அவர் சொன்னதும் உன் வாய் திறந்தது. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திறந்தது, மூடியது, பிறகு சிரித்தாய்.

எந்த நடைமுறை அக்கா? எந்த அறங்காவலர்?

அன்றைக்கு மார்ச் மாதம். இப்போது நவம்பர். இத்தனை மாதமாக உனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊர்க்காரர்களிடம் 'அக்கா கொண்டு வருவா, அக்கா கொண்டு வருவா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராஜகுமார்


டில்லி
8 டிசம்பர் 2024

ராஜு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

ஆமாம், தெரியும். மேடையில் ஒருவர் 'நீ கொடுத்தாய்' என்று சொன்னால், கொடுக்கவில்லை என்று சொல்வதற்கு நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? கைதட்டல் தொடங்கும் வரைதான். அதன் பிறகு சொன்னால் அது மறுப்பு இல்லை, அவமரியாதை. அவர் என்னிடம் முன்னால் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் காலை அறங்காவலர் கூட்டம். என்னுடைய ஐந்து வருஷம் முடியப்போகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று பேசத் தொடங்குகிற கூட்டம். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

அன்று இரவு விருந்து முடிந்து அவர் காருக்குப் போகும்போது கேட்டேன். கண்ணாடியை ஊருக்குத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். சிரித்தார். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது உங்கள் பக்கத்து வழக்கமா, ஞானா?" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ராஜு, நானும் சிரித்தேன். நீ சந்தையில் சிரித்தாயே, அப்படி.

நீ என்னை மியூசியத்தின் தலைவி என்று எழுதுகிறாய். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னதே இல்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. நான் சேர்ந்தபோது எனக்குத் தந்த இடம் பூமிக்கு அடியில் இருக்கிற பண்டகசாலை. ஜன்னல் கிடையாது. சிற்பங்களின் முதுகிலும் ஓவியங்களின் பின்புறத்திலும் சின்னத் தூரிகையால் எண் எழுதுகிற வேலை. வெளிநாட்டில் படித்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தவர்கள் மாடிக்குப் போனார்கள். நான் அங்கேயே இருந்தேன். அதனால் இந்தக் கட்டடத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யாரிடமிருந்து எப்படி வந்தது என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் போனது. அதை வைத்துத்தான் மேலே வந்தேன். முதல் தடவை சேர்மன் வீட்டு விருந்துக்குப் போனேன். அவர் மனைவி சாப்பிட்ட தட்டை என் கையில் தந்தார். பரிமாற வந்தவள் என்று நினைத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் அதே அம்மாள் 'டாக்டர்' என்று கூப்பிட்டுக் கைகுலுக்கினார். தட்டை வாங்கிய ஆள் நான்தான் என்று அவருக்கு இன்று வரை தெரியாது.

என்னை இயக்குநர் ஆக்கியபோது எல்லாப் பத்திரிகையும் சேர்மனைத்தான் பாராட்டியது. எவ்வளவு பரந்த மனம், நாட்டின் கடைக்கோடியிலிருந்து வந்த ஒரு பெண்ணை இந்த நாற்காலியில் உட்காரவைத்தார் என்று. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் முதலில் சிற்பக்கூடத்தைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். என் ஊர், என் அப்பாவின் தலைப்பாகை, எல்லாவற்றையும் அவரே சொல்வார். நான் பக்கத்தில் நிற்பேன்.

விட்டுவிட்டு வா என்பாய். எங்கே வருவது? இந்த வீடு டிரஸ்டின் வீடு. கார் அவர்களுடையது. இரவு ஒன்பதுக்குமேல் என்னைப் பார்க்க யார் வந்தாலும் வாசல் காவலர் எழுதி வைக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு மியூசியம் எனக்குக் கிடைக்காது. இவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். நான் எழுந்தால் சேர்மனுடைய மருமகன் அந்த நாற்காலியில் உட்காரத் தயாராக இருக்கிறான். அவன் வந்த மறுநாளே பெர்லினும் நான் எடுத்த மற்றப் பிள்ளைகளும் வெளியே நிற்பார்கள். நம்மைப் போன்றவர்களுடைய பொருள்கள் மறுபடி பண்டகசாலைக்குப் போகும்.

எனக்கு நேரம் கொடு. ஊரில் நீ கொஞ்சம் சமாளி.

அக்கா


பனங்காவிளை
27 ஜனவரி 2025

அக்கா,

நான் டில்லி வந்தது உனக்குத் தெரியும். ஆனால் நடந்தது உனக்கு மேலே இருந்து தெரிந்தது, எனக்குக் கீழே இருந்து. அதனால் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்லாமல் வரவேண்டும் என்று நினைத்து வரவில்லை. தைப் பொங்கல் கழிந்து, சந்தையில் வரத்து குறைந்தது. நிஜாமுதீன் ரயிலில் ஏறிவிட்டேன். கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, உன்னையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றுதான். மியூசியம் வாசலில் டிக்கெட் எடுத்தேன். நம் கண்ணாடியைப் பார்க்க நான் டிக்கெட் எடுத்தேன்.

இருட்டு அறை. கண்ணாடிக்கு மட்டும் விளக்கு. முன்னால் கயிறு. நல்ல வேலைதான், பொன் மாதிரி மின்னியது. கிட்டே போனேன். என்னைத் தெரியவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தேன், தெரியவில்லை. குனிந்தேன். மேற்கூரைக் குழாய் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, கண்ணாடியை மேலே பார்க்கச் சாய்த்து மாட்டியிருக்கிறீர்கள். முன்னால் எவன் நின்றாலும் அவன் அதில் இல்லை.

அப்போது பெர்லின் வந்தான். என் சாடையை வைத்து உன் தம்பி என்று கண்டுபிடித்துவிட்டான். ஏன்டே இப்படி மாட்டியிருக்கு என்று கேட்டேன். தயங்கினான். "போட்டோ எடுக்க வாறவியளுக்க மொகம் அதுல விழுந்தா போட்டோ கெட்டுப்போவும்ணு அண்ணே. டிசைனரு சொன்னாரு."

எனக்கு என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரம் இல்லை. தாங்கலில் நிற்பதுபோலச் சட்டையைக் கழற்றினேன். துண்டைத் தலையில் கட்டினேன். கயிற்றைத் தாண்டிப் போனேன். மேல் சட்டத்தைப் பிடித்து நேராக்கலாம் என்று கை வைத்தேன். அது என் வேலை அக்கா. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் நான் துடைத்து நேராக்கி வைத்த கண்ணாடி. மணி அடித்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். பெர்லின் கெஞ்சினான், "அண்ணே, சட்டைய போடுங்க, ஆளு வருகு, ஆளு வருகு." இரண்டு பேர் என் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினார்கள். துண்டு கீழே விழுந்தது. ஒருவன் அதை மிதித்துக்கொண்டு நின்றான்.

நீ படியில் இறங்கி வந்தாய். என்னைப் பார்த்தாய். நான் அக்கா என்று கூப்பிட்டேன். நீ காவலாளியிடம் இந்தியில் ஏதோ சொன்னாய். உடனே கையை விட்டார்கள். கனிவாகக்கூடப் பார்த்தார்கள். ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். தம்பி என்று சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் கண்ணாடியைக்கூட மறந்துவிட்டேன். அக்கா அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பெர்லின்தான் கூட்டிப்போனான். நீ என்ன சொன்னாய் என்று அவனைக் கேட்டேன்.  விடாமல் கேட்டேன். "எங்க ஊருக்காரரு, கொஞ்சம் மனசு செரியில்லாதவரு, பாவம், விட்டுருங்கண்ணு சொன்னாவ அண்ணே. வேற ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு அந்தப் பையன் அழுதான்.

ஊர்க்காரர்.

ராஜகுமார்


டில்லி
9 பிப்ரவரி 2025

ராஜு,

நான் அதைச் சொல்லாவிட்டால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். மியூசியத்துப் பொருளில் கை வைத்தால் வழக்கு. நீ ஊருக்குப் போயிருக்கமாட்டாய். தம்பி என்று சொல்லியிருந்தால், இயக்குநர் தன் குடும்பத்து ஆளை விட்டுப் பொருளை எடுக்கப் பார்த்தாள் என்று எழுதுவார்கள். மனசு சரியில்லாதவர் என்பது ஒன்றுதான் இரண்டு பேரையும் காப்பாற்றுகிற சொல்லாக அப்போது தோன்றியது. நீ இதை ஏற்கமாட்டாய். ஏற்கச் சொல்லவும் இல்லை.

சாய்த்து மாட்டுவதை நான் எதிர்த்தேன். நம்பினால் நம்பு. இரண்டு கூட்டத்தில் பேசினேன். நேராக மாட்டினால்தான் அது என்ன என்றே புரியும் என்றேன். டிசைனர் லண்டனிலிருந்து வந்தவர். சேர்மன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'அழகாக இருப்பதுதான் முக்கியம்' என்றார். முடிந்தது. என் கையெழுத்து இல்லாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு பல்பு மாற்றமுடியாது. ஆனால் என் ஊர்க் கண்ணாடியை நேராக மாட்ட என்னால் முடியவில்லை.

இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்துவிட்டார்கள். போன வாரம்தான் தகவல் வந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஐந்து வருஷம் என்று சொல்லிப் பார்த்தால் ஜெயிலில் இருக்கிறவன் சொல்வது மாதிரி இருக்கிறது.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே.

நீ சட்டையில்லாமல், தலைப்பாகை கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நிற்பதை கேமராவில் சேர்மன் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். 'அற்புதம்' என்றார். இதைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்றார். கண்ணாடி மார்ச் மாதம் ஐரோப்பாவில் மூன்று ஊர்களுக்குப் போகிறது. அங்கே திறப்பு விழாக்களில் நீ அதேபோல நிற்கவேண்டுமாம். அப்படியே, அதே தலைப்பாகையில். உண்மையான பக்தர் என்று அறிமுகம் செய்வார்களாம். பயணம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீ ஒப்புக்கொண்டால், சுற்றுப்பயணம் முடிந்ததும் கண்ணாடியை ஊருக்கு அனுப்புவதைப் 'பரிசீலிக்கலாம்' என்கிறார்.

எனக்கு இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷமாக அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல சொல் இதுதான். இதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசிப் பார்க்கலாம். நீ என் தம்பி என்று இன்னும் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டாம்.

யோசி. உடனே பதில் எழுதாதே. கோபம் ஆறின பிறகு எழுது.

அக்கா


பனங்காவிளை
18 பிப்ரவரி 2025

அக்கா,

கோபம் ஆறவில்லை. ஆறும்வரை பொறுத்தால் நேரம் இருக்காது.

உன் சேர்மனிடம் சொல், அந்த ஊர்க்காரருக்கு மனசு சரியாகிவிட்டது, வரமாட்டார் என்று. அய்யாவுக்கு முன்னால் தலைப்பாகை கட்ட நம் ஆட்கள் அடி வாங்கினார்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் கட்டிக் காட்டுவதற்கு இல்லை. நீ இதைப் படித்துப் பார்த்து, தமிழில் எழுதி, கவரில் போட்டு, தபால்தலை ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். எந்த இடத்திலும் உன் கை நிற்கவில்லையா?

சரி. இதோடு விட்டேன். நான் கேட்பது இப்போது வேறு.

அய்யா பிறந்த மாசி இருபதுக்கு முன்னால், மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மதியம் உச்சிப்படிப்பு முடிந்ததும் தாங்கலில் ஊர் கூடுகிறது. நான் கண்ணாடியை விற்றேனா இல்லையா என்று பேசப்போகிறார்கள். ஸ்ரீஜித் தான் கூட்டச் சொன்னவன். என் டில்லிப் பயணமும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பணம் வாங்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். போன ஞாயிறு நான் நாமம் இடக் கை நீட்டியபோது நான்கைந்து பேர் நெற்றியைக் காட்டாமல் விலகிப் போனார்கள். அதில் ஒருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். நந்தனா பால் வாங்கப் போன இடத்தில், "டில்லிப் பால் குடிக்க வேண்டியதான" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். நந்தனா எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

கண்ணாடி வேண்டாம். நான் அதை விட்டுவிட்டேன். அது ஐரோப்பா போகட்டும், சாய்ந்தே தொங்கட்டும்.

நீ வா. மார்ச் இரண்டாம் தேதி வந்து, தை மாதம் நின்ற அதே இடத்தில் நின்று, உன் வாயால் சொல். நான்தான் கேட்டு வாங்கிப் போனேன். சேர்மன் எடுத்துக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன். ராஜகுமாருக்கு இதில் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் இறங்கினால் நான் வண்டி கொண்டு வந்து கூட்டிப் போகிறேன். சொல்லிவிட்டு அன்றைக்கே திரும்பிப் போ. வீட்டில் சாப்பிடச் சொல்லமாட்டேன்.

வரமுடியாது என்றால் போனில் சொல். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் சரி. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைப்பேன். தமிழில் பேசு. அங்கே உன் சேர்மனுக்குத் தமிழ் தெரியாது. நீ இங்கே பேசுவது அவர் காதுக்கே போகாது. உன் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது.

இதைவிடக் குறைத்து என்னால் கேட்கமுடியாது.

ராஜகுமார்


பனங்காவிளை
5 மார்ச் 2025

அக்கா,

பதினெட்டாம் தேதிக் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது. நீ பெற்றுக்கொண்டதாகத் தபால்காரர் கையெழுத்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் கிடைக்கவில்லை என்று எழுதாதே.

ஞாயிறு கூட்டத்தில் போனைப் பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கூப்பிடுவாள் என்று சொன்னேன். யாரும் கிண்டல் செய்யவில்லை. உண்மையில் எல்லோரும் காத்திருந்தார்கள், ஸ்ரீஜித்தும்கூட. எல்லோருக்கும் காய்ச்சி வைத்த கஞ்சி ஆறியது. நடுவில் ஒரு தடவை அடித்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சிப்பாறையிலிருந்து குலை அனுப்புகிறவர், நாளைக்கு எத்தனை மணிக்கு லோடு இறக்கலாம் என்று கேட்டார்.

பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கின. தாணம்மாள் சித்திதான் கடைசியில் எழுந்தாள். "அவ கூப்பிடமாட்டா மக்கா. நீ வித்தியோ இல்லியோ, எங்களுக்கு தெரியாது. ஆனா அவ ஒனக்க கூட இல்ல. அது இப்பம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சாவிய குடு." அவள் கேட்டதால் கொடுத்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

நேற்று மாசி இருபது. ஊர்வலம் நம் வீட்டு வாசல் வழியாகப் போனது. எப்போதும் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற இடம். நந்தனா பானகம் கலக்கி வைத்திருந்தாள். நிற்கவில்லை. சாயங்காலம் அவள் அதைத் தென்னைக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

பெர்லின் போனில் பேசினான். கண்ணாடியைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். அடைக்கும்போது நீ பக்கத்தில் நின்றாயாம். சட்டத்தில் தூசி இருந்தது என்று உன் முந்தானையால் துடைத்தாயாம். அக்கா அழுதாவ அண்ணே என்றான். அழுததை வைத்து நான் என்ன செய்வது? அதை ஊருக்குக் காட்டமுடியாது.

எனக்கு இந்த ஊர்தான். இந்தச் சந்தைதான். நாளை காலையும் போய் நிற்கவேண்டும். நான் விற்றவன் என்றால் விற்றவனாக நிற்கப் பழகிக்கொள்வேன். விற்காதவன் என்றால் தலையை நிமிர்த்துவேன். இரண்டும் இல்லாமல் நிற்கமுடியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

பெரிதாக எழுதவேண்டாம். காரணம் வேண்டாம். ஒரு வரி. ராஜகுமார் விற்கவில்லை என்று எழுது. அதை எழுத உன்னால் முடியாது என்றால், ராஜகுமார் விற்றான் என்றாவது எழுது.

எழுது அக்கா.